வலை கட்டிய பாட்டில்

டோர்சிலா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் உட்காருவதற்கு முன் ஒரு காரியம் செய்வாள். கண்ணில் படுகிற பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, முகர்ந்து பார்ப்பாள். சோடா பாட்டிலோ எண்ணெய் பாட்டிலோ மருந்து பாட்டிலோ, எதையும் விடமாட்டாள். முகர்ந்து முடித்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அதற்குப் பிறகுதான் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பாள். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். சாவு வீட்டிலும் செய்வாள். ஒருமுறை ஜெபத்துக்கு வந்த பாதிரியார் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். டோர்சிலா அதைக் கை நீட்டி வாங்கி, முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்.

"மோப்பக்காரி வர்றா, நாயைக் கட்டிப் போடுங்கடி. ரெண்டுக்கும் போட்டி வந்துரப் போவுது" என்று பெரெஸ் தன் வீட்டு வாசலிலிருந்தே கத்துவாள்.

டோர்சிலா கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. "நாய்க்கு என்னைவிட நல்ல மூக்கு, சக்களத்தி. உன் வீட்டுல நாய் இருக்கறது நல்லதுதான்" என்பாள்.

ஏரியை ஒட்டிய எங்கள் கொலோ கரையில் ஒரே குலத்துக்கு வாழ வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் சக்களத்தி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். புருஷன் வேறு வேறுதான். வெளியே எங்களுக்குப் பிறந்த ஊர்தான் பெயர். டோர்சிலா யிம்போக்காரி. நான் ஸேமேக்காரி. இரண்டு பேரும் ஒரே வருடத்தில் இந்தக் கரைக்கு வந்தோம். அவள் நன்றாகப் பேசுவாள். எனக்குப் பேச வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். அதனால் நான் இருப்பதையே எல்லாரும் மறந்துவிடுவார்கள். யார் வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

டோர்சிலா பாட்டிலை முகரத் தொடங்கியது அவளுடைய மூத்த மகன் ஒமோண்டி இறந்த பிறகு.

நிலா பெரிதாகிற பத்துப் பன்னிரண்டு நாள் எங்கள் கரையில் ஒமேனாப் படகுகள் இறங்காது. ஒமேனா விரல் நீள மீன். விளக்கைத் தேடித்தான் வரும். வானத்திலேயே விளக்கு இருக்கும்போது எங்கள் விளக்கை யார் சீண்டுவார்கள்? அந்த நாட்களில் படகைக் கரையேற்றிவிட்டு, விளக்குகளில் மீந்த மண்ணெண்ணெயைப் படகுக்காரர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். அது படகு முதலாளிக்குச் சேராது, உழைத்த நாலு பேருக்குத்தான் சேரும். அதற்கு நிலாப் பங்கு என்று பெயர். ஆளுக்கு ஒரு பாட்டில் வரும். கையில் எந்தப் பாட்டில் கிடைக்கிறதோ அதில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அநேகமாக ஆரஞ்சு சோடா பாட்டில்தான்.

ஒமோண்டிக்கு அப்போது இரண்டு வயது. மத்தியானம். நாங்கள் கரையில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். டோர்சிலா வீட்டிலிருந்து சத்தம் கேட்டு ஓடினோம். பையன் இருமிக்கொண்டிருந்தான், சட்டை முழுக்க மண்ணெண்ணெய். கரையில் பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, பால் ஊற்று, வாந்தி எடுக்க வை. அதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். பால் கொண்டு வர ஓடியவர்களில் நானும் ஒருத்தி. ஒருத்தி வாயைத் திறந்து பிடித்தாள், ஒருத்தி ஊற்றினாள், ஒருத்தி தொண்டைக்குள் விரலை விட்டாள். பையன் எல்லாவற்றையும் கக்கினான். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

அங்கே நர்ஸ் கேட்டாளாம், "யாரு வாந்தி எடுக்க வெச்சது? வயித்துல இருந்திருந்தா பொழைச்சிருப்பான். மேல வந்ததுதான் நுரையீரலுக்குள்ள போயிடுச்சு."

டோர்சிலா "நான்தான்" என்று சொல்லியிருக்கிறாள். அவள் கைக்கு அந்தப் பால் வரவே இல்லை. அவள் மூலையில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். இதை எனக்குச் சொன்னது அவளுடைய கணவர். அவள் இதுவரை எங்கள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதன் பிறகு சில வருடம் கழித்து, கரைக்கு ஒருவர் வீதம் சுகாதாரத் தொண்டர் வேண்டும் என்று அரசாங்க மருந்தகத்திலிருந்து வந்து கேட்டார்கள். சம்பளம் கிடையாது, ஒரு பையும் ஒரு சட்டையும் உண்டு. ஆண்கள் யாரும் கை தூக்கவில்லை. டோர்சிலா எழுந்து போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இன்னும் உன்னைத் தேர்ந்தெடுக்கலம்மா" என்றார் வந்தவர். "வேற யாரு இருக்கா?" என்றாள்.

மற்ற கரைகளின் தொண்டர்கள் கொசுவலையும் தடுப்பூசியும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் அதையும் சொல்வாள். ஆனால் இவள் மனசு அடிபடுவதிலும் தீ சுடுவதிலும் மூழ்குவதிலும்தான் இருந்தது. தீக்காயத்துக்குச் சாம்பலும் பற்பசையும் தடவாதே, தண்ணீரை ஊற்று, ஊற்றிக்கொண்டே இரு என்று தாய்மார்களுக்குச் சொல்வாள். எரிகிற விளக்கில் எண்ணெய் நிரப்பாதே என்று படகுக்காரர்களிடம் சண்டை போடுவாள். ராபூர் என்று ஒரு கிழவர், மழை பெய்தால் கழிப்பிடத்துக்குப் போகிற சரிவில் வழுக்கி விழுந்துகொண்டே இருப்பார். டோர்சிலா அவர் வீட்டிலிருந்து கழிப்பிடம் வரைக்கும் ஒரு படகுக் கயிற்றைக் கட்டினாள்.

"என்னை ஆடுன்னு நெனச்சியா, யிம்போக்காரி?" என்று கத்தினார் ராபூர்.

"ஆட்டைக் கட்டிப் போடணும், பெரியவரே. உங்களுக்குப் பிடிச்சுக்கக் குடுத்திருக்கேன்."

ஒரு வாரம் அவர் அந்தக் கயிற்றைத் தொடவே இல்லை. பிறகு ஒரு மழை நாளில் அதைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்.

மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைகளைப் பற்றி டோர்சிலா தன் நோட்டில் தனியாக எழுதி வைத்திருந்தாள். ஒருநாள் நான் ஒமேனாவில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டைக் காட்டினாள்.

"இதைப் பாரு. நாலு வருஷத்துல ஆறு பிள்ளைங்க. எல்லாம் எந்த நாளுன்னு பாரு."

"எனக்கு உன் எழுத்து புரியல."

"நிலா நாளுடி. ஆறும் நிலா நாளு. மத்த நாள்ல எண்ணெய் படகுல இருக்கு. நிலா வந்தா வீட்டுக்கு வந்துடுது."

எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் யாரும் அப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை.

மறுநாளே கரைத் தலைவர் ஒடெராவிடம் போனாள். நிலாப் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், கரைக் கொட்டகையில் ஒரே டப்பாவில் வைத்துவிடலாம், படகு இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றாள். கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"கொட்டகையில வெச்சா காலையில டப்பா இருக்கும், எண்ணெய் இருக்காது."

"எங்க பங்கையும் உன் பையில போட்டுக்கப் பாக்குறியா?"

"எங்க அப்பன் காலத்துலேருந்து வீட்டுக்கு வர்ற பங்கு. நீ யிம்போலேருந்து வந்து நிறுத்துவியா?"

ஒடெரா கையைத் தூக்கி அடக்கினார். "தாயீ, நிலாப் பங்குல கை வெச்சா நாளைக்கு எனக்குத் தலைவர் பதவி இருக்காது. வேற ஏதாவது வழி பாரு."

வேறு வழியை அவள் என் வீட்டு வாசலில்தான் கண்டுபிடித்தாள். நான் கிழிந்த ஒமேனா வலையை வெட்டி மீன் காயப் போட விரித்துக்கொண்டிருந்தேன். மிச்சத் துண்டு ஒன்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். கறுப்பு வலை, சல்லடை மாதிரி நெருக்கம். பாட்டில் கழுத்தில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"எழுத்து ஒட்டினா யாரு படிக்கப் போறா? இது கைக்கே தெரியும். இருட்டு வீட்டுலயும் தெரியும். ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் சொல்லித் தரலாம்."

அந்த நிலாக் காலத்தில் அவள் எல்லா வீட்டுக்கும் போனாள். ஒவ்வொரு மண்ணெண்ணெய் பாட்டிலின் கழுத்திலும் வலையைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். வலையை வெட்டிக் கொடுத்தது நான். அவ்வளவு நடந்ததில் என் பங்கு அது. பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்து ஒரு வரி சொல்லிக் கொடுத்தாள்.

"வலை கட்டினது வாய்க்கு இல்ல!"

பிள்ளைகள் அதைக் கத்திக்கொண்டே ஓடினார்கள். குதித்து விளையாடும்போது சொன்னார்கள். ஒரு பையன் தன் தாத்தாவின் புகையிலைப் பையைப் பார்த்துச் சொன்னான். பெரெஸுடைய நாய் கழுத்தில் யாரோ வலையைக் கட்டிவிட்டார்கள். அன்று பெரெஸ் தெருவில் நின்று திட்டியதில் பாதி சொற்களை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை.

அந்த வருடம் முழுவதும் ஒரு பிள்ளையும் மண்ணெண்ணெய் குடிக்கவில்லை. மருந்தகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பாட்டிலைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆண்களே பங்கு வாங்கும்போது கரையிலேயே வலை கட்டத் தொடங்கினார்கள். டோர்சிலா நடையே மாறிவிட்டது. ஆனாலும் முகர்வதை விடவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது வருகிறது.

எங்கள் தேவாலயப் பெண்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபத்துக்குக் கூடுவோம். என் முறை வரும்போது கொடுக்க ஆரஞ்சுச் சாறு ஒரு பாட்டில் வாங்கி வைப்பேன். தண்ணீர் கலந்து குடிக்கிற சாறு. வாங்கிய இரண்டாம் நாளே என் பிள்ளைகள் அதில் பாதியைக் காலி செய்துவிடுவார்கள். ஒருநாள் என் கையில் வலைத் துண்டு இருந்தது. சாறு பாட்டிலின் கழுத்தில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு மேலே வைத்தேன். அவ்வளவுதான். பெரிய பிள்ளைகள் தொடவே இல்லை. எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

கடைக்குட்டி அடோயோவுக்கு மூன்று வயது. பெண்கள் ஜெபம் முடிந்து கிளம்பியதும் நான் முடிச்சை அவிழ்க்காமலே மூடியைத் திருகி அவளுக்கு ஒரு மடக்கு ஊற்றிக் கொடுப்பேன். மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல். அவள் நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு சிரிப்பாள்.

நான் மட்டும் இல்லை. மீன் கொடுக்கப் போகிற வீடுகளில் பார்த்தேன். பெரெஸ் சர்க்கரை ஜாடிக்குக் கட்டியிருந்தாள். ஒருத்தி தேனுக்கு. ஒருத்தி தயிர்க் குடுவைக்கு. பிள்ளைகள் தொடக்கூடாத எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரு சுலபமான வழி கிடைத்துவிட்டது. டோர்சிலா பாட்டிலைத்தான் முகர்வாள், அலமாரிக்குள் இருக்கிற ஜாடியைத் திறந்து பார்க்கமாட்டாள். அவள் வருகிற நாளில் என் சாறு துணிப் பெட்டிக்குள் இருக்கும். அது தப்பு என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிலாப் பங்கு பிரித்த மூன்றாம் நாள், காலை பத்து மணி இருக்கும். அடோயோ பெரெஸ் வீட்டில் விளையாடப் போயிருந்தாள். பெரெஸ் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவனுடைய பங்குப் பாட்டில் கதவுக்குப் பின்னால், ஆணியில், வலை கட்டித்தான் தொங்கியது. அடோயோ முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி எடுத்திருக்கிறாள்.

பெரெஸின் அலறல் கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அடோயோ தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். வாயைச் சுற்றிப் பளபளவென்று இருந்தது. அந்த வாடை. பதினொரு வருடம் கழித்து அதே வாடை. அதே மாதிரி பெண்கள் கூடினார்கள். ஒருத்தி கையில் பால் செம்பு வந்துவிட்டது.

டோர்சிலா எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, அடோயோவைத் தூக்கித் தன் மடியில் நிமிர்ந்து உட்கார வைத்துக்கொண்டு, சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"பாலைக் கீழ வை."

"ஒரு வாய் குடுத்தா வெளிய வந்துரும், யிம்போக்காரி…"

"கீழ வைடி! வெளிய வரக்கூடாது. அது வெளிய வந்தாத்தான் சாவு. யாராவது இவ வாயில விரலை விட்டீங்கன்னா அந்த விரலைக் கடிச்சுத் துப்பிடுவேன்."

யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. செம்பு வைத்திருந்தவள் பின்னால் நகர்ந்தாள். டோர்சிலா அடோயோவின் சட்டையைக் கழற்றி எறிந்தாள், ஈரத் துணியால் வாயையும் மார்பையும் துடைத்தாள், பாட்டிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "டாக்டருக்குக் காட்டணும்." என்னைப் பார்த்தாள். "ஸேமேக்காரி, அழுதது போதும். பைக்கைக் கூப்பிடு."

பைக்கில் முன்னால் ஓட்டுகிறவன், நடுவில் அடோயோ, பின்னால் டோர்சிலா. எனக்கு இடம் இல்லை. நான் இன்னொரு பைக் கிடைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் மருந்தகம் போய்ச் சேர்ந்தேன். வழி முழுக்கப் பிள்ளையைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்திருந்ததில் டோர்சிலாவின் இடது கை இரண்டு நாள் வேலை செய்யவில்லை. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் இருந்தோம். முதல் நாலு நாள் மூக்கில் குழாய். வாந்தி எடுக்காமலே கொஞ்சம் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். வாந்தி எடுக்க வைத்திருந்தால் பிள்ளையை உயிரோடு உங்கள் கையில் கொடுத்திருக்க மாட்டோம் என்றும் சொன்னார்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்ததும் அடோயோ முதலில் கேட்டது, "அம்மா, அந்தச் சாறு ஏன் கசந்துச்சு?"

டோர்சிலா அப்போது அறையில் இல்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தினேன்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் கரை தீர்ப்பு எழுதிவிட்டது. வலை கட்டித்தானே இருந்தது? ஆணியில்தானே தொங்கியது? அப்படியும் பிள்ளை குடித்தது. அப்படியென்றால் யிம்போக்காரியின் வலை வெறும் பேச்சு. அது மட்டும் இல்லை, ஒரு பாட்டிலைக் காட்டித் தொடாதே தொடாதே என்று பிள்ளைகளுக்கு அவள்தான் ஆசை மூட்டினாள் என்றார்கள். தன் பிள்ளையைத் தின்றவள் அடுத்தவர் பிள்ளைக்கு வந்துவிட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். அதை டோர்சிலாவின் காதில் விழும்படி சொன்னாள். டோர்சிலா பையோடு வந்தால் கதவை மூடினார்கள். பெரெஸ் உள்ளே இருந்துகொண்டே தாழ்ப்பாள் போட்டாள்.

என் வீட்டுக்கு எல்லாரும் வந்தார்கள். சோளமாவு கொண்டு வந்தார்கள், முட்டை கொண்டு வந்தார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு டோர்சிலாவைத் திட்டினார்கள். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் பேச வராதே. அது அந்த நாட்களில் எனக்கு வசதியாக இருந்தது.

பிள்ளை குடித்த நாளிலிருந்து இருபத்திரண்டாம் நாள் ஒடெரா கூட்டம் போட்டார். டோர்சிலாவின் பையைத் திருப்பி வாங்குவதற்கு. அன்று காலையில் அடோயோ துணிப் பெட்டியைத் திறந்து, சாறு பாட்டிலின் வலை முடிச்சை விரலால் வருடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவள் முகத்தில் பயம் இல்லை. இந்த முறை கசக்காது என்பது மாதிரி ஒரு முகம்.

நான் பாட்டிலைப் பிடுங்கி, மேல்துணிக்குள் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

டோர்சிலா ஏற்கெனவே பையை மேசையில் வைத்துவிட்டாள். ஒடெரா தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"யாரும் உன்னைக் கெட்டவன்னு சொல்லல தாயீ. ஆனா ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடுச்சு. மருந்தகத்துல வேற ஆளைக் கேப்போம்."

"சரி" என்றாள் டோர்சிலா.

நான் நடந்து போய்ப் பாட்டிலை மேசையில் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாரும் வலை கட்டிய பாட்டிலைப் பார்த்தார்கள். டோர்சிலா, யோசிக்காமல், எப்போதும் செய்வது மாதிரி, கை நீட்டி எடுத்து மூடியைத் திருகி முகர்ந்தாள்.

"ஆரஞ்சு" என்றாள்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னோடது" என்றேன். "நான்தான் கட்டினேன். பிள்ளைங்க தொடக்கூடாதுன்னு. அடோயோவுக்கு இதுலேருந்து ஊத்திக் குடுத்திருக்கேன்."

பெரெஸ்தான் முதலில் பேசினாள். குரல் உடைந்திருந்தது. "என் சர்க்கரைக்கும் கட்டியிருக்கேன். அவளுக்கு அதுலேருந்து ஒரு கை குடுத்தும் இருக்கேன்." பின்னாலிருந்து ஒருத்தி தேன் என்றாள். இன்னொருத்தி தயிர் என்றாள்.

ராபூர் கிழவர் கைத்தடியைத் தட்டினார். "ஒடெரா, உன் கட்டிலுக்கடியில இருக்கற சாராயத்துக்கும் கட்டியிருக்கியே, அதையும் சொல்லிடு. ரெண்டு முடிச்சு பத்தாதுன்னு நாலு போட்டிருக்கான் பாவி."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. ஒடெராவும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டோர்சிலா சிரிக்கவில்லை. பாட்டிலை மூடிவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு பேசினாள்.

"பிள்ளைங்களுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன், வலை கட்டினதைத் தொடாதேன்னு. பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல, வேற எதுலயும் வலை கட்டாதீங்கன்னு. சொல்லணும்னு தோணவே இல்ல. அந்தத் தப்பு என்னோடது. இன்னைக்கே எல்லா வலையையும் அவுத்துடுங்க. எண்ணெய் பாட்டில்லேருந்தும். இனிமே அதுக்கு அர்த்தம் இல்ல."

பையை யாரும் திருப்பி வாங்கவில்லை. ஒடெராவே அதை எடுத்து அவள் தோளில் மாட்டினார். பங்குக்குச் சோடா பாட்டில் கொண்டு வந்தால் எண்ணெய் ஊற்றுவதில்லை, திருகுமூடி போட்ட தகர டப்பா கொண்டு வருகிறவர்களுக்குத்தான் பங்கு என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். தகரத்தில் யாரும் சாறு ஊற்றமாட்டார்கள். அடோயோ விஷயம் நடக்காமல் இருந்திருந்தால் அதற்கும் சண்டை போட்டிருப்பார்கள்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது டோர்சிலா எனக்காக நின்றாள். அவள் நன்றி சொல்வாள் என்று நினைத்தேனா, திட்டுவாள் என்று நினைத்தேனா, எனக்குத் தெரியாது.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"ஆஸ்பத்திரியில. அஞ்சாம் நாள்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அடுத்த நிலாப் பங்குக்கு நாலு நாள்தான் இருக்கு, ஸேமேக்காரி."

"தெரியும்."

"ஊரு முழுக்க வலை தொங்குது. பிள்ளைங்களுக்கு அது இனிப்பு. என்னைத் திட்டினாங்க, அது போகட்டும். நாலு நாள்." சரிவில் இறங்கிப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய் ஒவ்வொரு முடிச்சையும் தன் கையாலேயே அவிழ்த்தாள். என் வீட்டுக்குக் கடைசியாக வந்தாள். அவிழ்க்க ஒன்றும் இல்லை என்று வாசலிலேயே சொன்னேன். உள்ளே வந்து, துணிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. கொலோ கரையில் இப்போது இருபத்து மூன்று ஒமேனாப் படகுகள். பதினேழு படகுகளில் சூரிய விளக்கு வந்துவிட்டது. அடோயோவுக்குப் பத்து வயது. குளிர் மாதங்களில் இருமுவாள், மற்ற பிள்ளைகளோடு சரிவில் ஓடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் டோர்சிலா வந்து பேசும்போது முன் வரிசையில் உட்காருவாள். போன மாதம் பக்கத்துக் கரையில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று சோடா பாட்டிலில் இருந்ததைக் குடித்தது. பால் ஊற்றினார்கள். அடக்கத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். இப்போது டோர்சிலா செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கரைக்கும் நடந்து போகிறாள். என் வீட்டுக்கு மாதம் இருமுறை வருகிறாள், பாட்டில்களை முகர்கிறாள், துணிப் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள், பிறகு உட்கார்ந்து மழையையும் மீனையும் பற்றிப் பேசுகிறாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சக்களத்தி என்று மட்டும் என்னைக் கூப்பிடுவதில்லை. எங்கள் கரையில் ஆறு படகுகள் இன்னும் மண்ணெண்ணெய் விளக்கோடுதான் இறங்குகின்றன.